அல்லி ராஜ்யமும் அப்பத்தாவின் தாலியும்

 போன பதிவு நீளம் என்று பலர் சொன்னீர்கள். இது அதைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் தூக்கம் வந்தால் பரவாயில்லை, என் வகுப்பில் தூங்காதவர் யார்?

நம்ம ஊரில் புதுசாகக் கல்யாணம் ஆனவனைப் பார்த்து, "என்னப்பா, வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்பார்கள். மதுரை என்றால் மீனாட்சி ஆட்சி, சிதம்பரம் என்றால் நடராசர் ஆட்சி. பெண் குரல் கொஞ்சம் ஓங்கிய வீடு என்றால் இன்னொரு பேரும் உண்டு: "அது அல்லி ராஜ்யம்ப்பா." நானும் இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் அறையில், கல்யாணப் பந்தியில், உங்கள் முன்னால் வகுப்பில். யார் இந்த அல்லி என்று நீங்கள் கேட்டால் கதையையும் சொல்வேன். வகுப்பே சிரிக்கும்.

போன மாதம் என் பேத்தி அந்தக் கதையைக் கேட்டாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் சிரிக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தக் கேள்வி என்னை மூன்று வாரம் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கு நடக்க வைத்துவிட்டது. அங்கே படித்ததையும், அதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தும் யோசிக்காமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கதை.

எனக்கு இந்தக் கதையைத் தந்தவர் என் அப்பத்தா. பேச்சியம்மன் படித்துறைக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பத்தா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அதுவும் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். அதற்கென்றே அந்தக் காலத்தில் 'பெரிய எழுத்து' புத்தகங்கள் வந்தன. சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் போட்டது. சாணித்தாள், அட்டையில் படம், உள்ளே கட்டை கட்டையான எழுத்து. திருவிழாக் கடைகளிலும் நம்ம புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளிலும் தொங்கும். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை. மழைக்கால ராத்திரிகளில் அப்பத்தா ராகம் போட்டு வாசிப்பார். சந்தில் உள்ள பெண்கள் எல்லாம் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

அல்லி அரசாணி மாலையின் கதை இப்படி. மதுரையை ஆண்ட பாண்டியனுக்குப் பிள்ளை இல்லை. தவம் கிடந்தான். அல்லிப்பூவில் ஒரு பெண் குழந்தை கிடைத்தது. அல்லி என்று பேர் வைத்தார்கள். அவள் படிப்பும் படித்தாள், வாளும் பழகினாள். நீன்முகன் என்பவன் பாண்டியனை அடக்கி நாட்டைக் கையில் வைத்திருந்தான். அல்லி வளர்ந்து அவனை ஒழித்து நாட்டை மீட்டாள். பிறகு அவளே அரசி. சேனையிலும் பெண்கள், காவலிலும் பெண்கள், மந்திரியும் பெண். ஆண் வாடையே ஆகாது. கல்யாணப் பேச்சும் ஆகாது.

தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் அவள் அழகைக் கேள்விப்பட்டு ஆசைப்படுகிறான். அவள் அவனை மதிக்கவே இல்லை. பாரதத்தில் வில்லுக்கு விஜயன் என்று பேரெடுத்தவனுக்கு மதுரைக் கோட்டைக்குள் நுழைய வழி தெரியவில்லை. கிருஷ்ணனிடம் போய் நிற்கிறான். கிருஷ்ணன் மாயம் செய்கிறான். தான் பாம்பாட்டி வேடம் போட்டு, அர்ச்சுனனைப் பாம்பாக்கிப் பெட்டியில் வைத்து அரண்மனைக்குக் கொண்டு போகிறான். வேடிக்கையான பாம்பு, அல்லிக்குப் பிடித்துப்போகிறது. அந்தப்புரத்துக்குள் போன பாம்பு ராத்திரியில் மனிதனாகிறது. அவள் அசந்து தூங்கும்போது அர்ச்சுனன் தாலி கட்டிவிடுகிறான்.

விடிந்து எழுந்தவள் கழுத்தில் தாலியைப் பார்க்கிறாள். கோபம் தலைக்கேறுகிறது. படை திரட்டிக்கொண்டு அர்ச்சுனன் மேல் போகிறாள். சண்டை, மறுபடி சூழ்ச்சி, கடைசியில் சமாதானம். புலந்திரன் என்று ஒரு மகன் பிறக்கிறான். பதிப்புக்குப் பதிப்பு, நாடகத்துக்கு நாடகம் நிகழ்ச்சிகள் முன்பின்னாக மாறும். எலும்புக்கூடு இதுதான்.

நான் வகுப்பில் இதை எப்படிச் சொல்வேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். பாம்பாட்டியின் மகுடி வாசிப்பை மேசையில் தாளம் போட்டுக் காட்டுவேன். காலையில் அல்லி கழுத்தைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிடுவதை நடித்துக் காட்டுவேன். "அப்புறம் என்ன, தாலி ஏறிடுச்சு, அம்மா அடங்கிட்டாங்க" என்று முடிப்பேன். பையன்கள் கைதட்டுவார்கள். பெண் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று நான் கவனித்ததாக நினைவில்லை.

பேத்தியிடமும் அப்படியே சொன்னேன். அவள் கேட்டாள்: "தூங்கறப்ப கட்டினா அது எப்படி தாத்தா கல்யாணம் ஆகும்?"

"கதைதானேம்மா."

"கதைதான். ஆனா அவ ஏன் அதைக் கழட்டிப் போடல?"

இதற்குப் பதில் தேடித்தான் கிளம்பினேன்.

முதலில் இந்தக் கதை எத்தனை பழையது? புத்தகத்தில் புகழேந்திப் புலவர் இயற்றியது என்று இருக்கும். புகழேந்தி என்றால் நளவெண்பா பாடியவர். வெண்பாவில் அப்படி ஒரு கை வைத்திருந்தவர்தான் இந்தப் பேச்சு நடைக் கதைப் பாட்டையும் எழுதினார் என்பதை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இரண்டின் நடையையும் பார்த்தாலே தெரியும். ஊர் பேர் தெரியாத பாடகர்கள் வாய்வழியாகப் பாடிய பாட்டு, பிறகு ஏட்டில் ஏறி, அச்சுக்கு வரும்போது விலைபோக ஒரு பெரிய பேர் வேண்டியிருந்தது. நடையை வைத்துப் பார்த்தால் நாயக்கர் காலத்தை ஒட்டியது என்று கொள்வதே பொருத்தம்.

அச்சுக்கு அப்புறம் மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) அல்லி அர்ச்சுனா, பவளக்கொடி இரண்டையும் நாடகமாக்கினார். 1918இல் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது நம்ம மதுரையில்தான். பையன்களே பெண் வேடமும் போட்ட பாய்ஸ் கம்பெனி. ஆணே பிடிக்காத அரசியாக ஒரு பையன் மேடையில் கர்ஜித்ததை நினைத்துப் பாருங்கள். அல்லியின் பின்கதைதான் பவளக்கொடி. மகன் புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்க, பவளம் தேடிப் போன அர்ச்சுனன் அங்கே பவளக்கொடி என்று இன்னொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அல்லி மறுபடி வாளெடுக்கிறாள். 1934இல் கே. சுப்ரமணியம் இதைப் படமாக்கினார். எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம். எஸ்.டி. சுப்புலட்சுமி பவளக்கொடி. எங்கள் தாத்தா தலைமுறைக்கு அர்ச்சுனன் என்றால் பாகவதர் முகம்தான்.

சரி, வியாசர் பாரதத்தில் அல்லி இருக்கிறாளா? இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு அக்கா முறை உண்டு. சித்திராங்கதை. தீர்த்த யாத்திரையில் அர்ச்சுனன் ஒரு ஊருக்குப் போகிறான். வடக்குப் பதிப்புகளில் மணிபுரம், தெற்கு ஏடுகளில் மணலூர். அங்கே அரசன் சித்திரவாகனனின் மகளைப் பார்த்து ஆசைப்படுகிறான். அங்கே மாயமும் இல்லை, பாம்பும் இல்லை. நேராக அப்பனிடம் போய்ப் பெண் கேட்கிறான். அப்பன் ஒரு நிபந்தனை போடுகிறான்: "எங்கள் குலத்தில் தலைமுறைக்கு ஒரு பிள்ளைதான். எனக்குப் பிறந்தது பெண். இவளுக்குப் பிறக்கும் மகன் என் குலத்துக்குத்தான் வாரிசு, உன்னோடு அனுப்ப மாட்டேன்." அர்ச்சுனன் ஒப்புக்கொண்டு மூன்று வருஷம் அங்கேயே இருந்துவிட்டுப் போகிறான். சுத்தமான பேசி முடித்த கல்யாணம். ஒப்பந்தத்தில் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் இடம் இருக்கிறது. சித்திராங்கதை சம்மதித்தாளா என்று அங்கேயும் யாரும் கேட்டதாக இல்லை.

வில்லிபுத்தூரார் தமிழில் பாரதம் பாடும்போது இந்தச் சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாகவே ஆக்கிவிட்டார். மணலூர் என்ற பேரில் ஒரு ஊர் நமக்குப் பக்கத்தில் கீழடியை ஒட்டியே இருக்கிறது. 2020இல் கீழடி, கொந்தகை, அகரம், மணலூர் என்று நான்கு இடத்திலும் தொல்லியல் துறை தோண்டியது உங்களுக்குத் தெரியும். அந்த மணலூர்தான் இந்த மணலூர் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். பேர் ஒன்றாக இருப்பது மட்டும் வரலாற்றுச் சான்று ஆகாது. ஆனால் ஒரு பாண்டியன் மகளை அர்ச்சுனன் கட்டினான் என்ற பேச்சு இந்த மண்ணில் வெகுநாளாக இருந்தது என்பது நிச்சயம். கதைப் பாட்டுக்காரர்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அல்லியை நெய்தார்கள்.

அல்லியின் இன்னொரு சாயல் நம் கண்ணெதிரே இருக்கிறது. பிள்ளையில்லாத மலயத்துவச பாண்டியன், காஞ்சனமாலை. வேள்வித் தீயில் மூன்று வயதுப் பெண் குழந்தை. மகன் போலவே வளர்த்து முடிசூட்டு என்கிறது அசரீரி. தடாதகை படையெடுத்து எட்டுத் திக்கும் வெல்கிறாள். கயிலை வரை போகிறாள். அங்கே சிவனைப் பார்த்ததும் மூன்றாவது தனம் மறைகிறது. இவர்தான் கணவர் என்று தெரிந்துவிடுகிறது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் பாடியது. வருஷா வருஷம் சித்திரையில் நாம் பார்ப்பது.

அல்லியையும் மீனாட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தையில்லாத பாண்டியன், அதிசயமாய்க் கிடைத்த மகள், வாள், முடி, யாராலும் வெல்ல முடியாத பெண். இதுவரை இரண்டும் ஒரே கதை. பிரிவது கல்யாணத்தில். மீனாட்சிக்கு அவளே கண்ணால் பார்த்து, அவளே தெரிந்துகொண்டு, பட்டாபிஷேகமும் திக்கு விஜயமும் முடித்து, ஊரறியத் திருக்கல்யாணம். கம்பத்தடி மண்டபத்துச் சிற்பத்தைப் பாருங்கள். அண்ணன் பெருமாள் தாரை வார்க்கிறார், மீனாட்சி தலை குனிந்து, கண் திறந்து நிற்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் ஆட்சி போகவில்லை. சித்திரை முதல் ஆவணி வரை அவள்தான் மதுரைக்கு அரசி, ஆவணியிலிருந்துதான் சுவாமி. அல்லிக்கோ அதே பெருமாள்தான் கிருஷ்ணனாக வந்து பாம்பாட்டி வேடம் போடுகிறார். ஒருத்திக்குக் கையைப் பிடித்துக் கொடுத்த அண்ணன், இன்னொருத்திக்குக் கதவைத் திறந்துவிட்டவன். ஒரே ஊர் இரண்டு கதையையும் வைத்துக்கொண்டது. ஒன்றைக் கோயிலில் கும்பிட்டது, மற்றதைத் திண்ணையில் பாடியது.

பெண் அரசி என்பது வெறும் கற்பனையா? கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியன் சபைக்கு வந்த மெகஸ்தனீஸ் என்ற கிரேக்கர், தெற்கே பாண்டைய என்ற நாட்டை ஹெரக்லீஸின் மகள் ஆண்டாள் என்று எழுதினார். அவர் புத்தகம் கிடைக்கவில்லை, பின்னால் வந்த அர்ரியன் முதலானோர் எடுத்துச் சொன்னதுதான் இருக்கிறது. 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாட்படை அவளுக்கு இருந்ததாக அர்ரியன் கணக்குச் சொல்கிறார். கூடவே முத்தைப் பற்றியும் பேசுகிறார். கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 2,300 வருஷத்துக்கு முன்பே பாண்டிய நாடு என்றதும் ஒரு பெண் அரசி கதை வடக்கு வரை போயிருக்கிறது. கடல் தாண்டியும் இருக்கிறது. இலங்கையில் மன்னாருக்குத் தெற்கே, முத்துக் குளித்த கரையில், அரிப்பில் போர்த்துக்கீசியர் காலத்துப் பழைய கோட்டை ஒன்று உண்டு. அங்குள்ள தமிழர்கள் அதை அல்லி ராணி கோட்டை என்பார்கள். கட்டியது யாராக இருந்தாலும் கோட்டை என்றதும் அவர்களுக்கு அல்லிதான் ஞாபகம் வந்திருக்கிறாள்.

நாயக்கர் காலத்தில் நிஜமாகவே பெண் ஆட்சியைப் பார்த்த ஊர் இது. 1689இல் பேரனுக்காகப் பொறுப்பேற்ற ராணி மங்கம்மாள் ஏறக்குறைய பதினேழு வருஷம் ஆண்டார். சாலை, சத்திரம், குளம் என்று இன்றும் அவர் பேர் சொல்கிறது. கடைசி நாயக்க அரசி மீனாட்சி 1730களில் சந்தா சாகிபை நம்பி ஏமாந்து நாட்டையும் உயிரையும் இழந்தார். ஆளுகிற பெண்ணை வாளால் வெல்ல முடியாவிட்டால் வஞ்சகத்தால் வெல்லலாம் என்பதை இந்த ஊர் பாட்டில் மட்டும் பார்க்கவில்லை.

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். அவள் ஏன் தாலியைக் கழற்றவில்லை?

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சங்க காலக் கல்யாணத்தைக் கண்ணில் பார்ப்பது போலச் சொல்லும் பாட்டுகள் அகநானூற்றில் 86, 136 என்று இரண்டு இருக்கின்றன. பந்தல் போட்டு மணல் பரப்புகிறார்கள், விளக்கு ஏற்றுகிறார்கள், உளுந்துப் பொங்கல் போடுகிறார்கள், பிள்ளை பெற்ற பெண்கள் நீராட்டி வாழ்த்துகிறார்கள். தாலி கட்டுவது அங்கே இல்லை. தமிழர் கல்யாணத்தில் தாலி எப்போது வந்தது என்று போன நூற்றாண்டில் அறிஞர்கள் பெரிய சண்டையே போட்டார்கள். அது எப்போது வந்திருந்தாலும், அல்லிப் பாட்டு பிறந்த காலத்தில் அதன் சக்தி உச்சத்துக்குப் போய்விட்டது. ஊர் தேவையில்லை, உறவு தேவையில்லை, பெண்ணின் விழிப்புகூடத் தேவையில்லை, ஒரு முடிச்சு போதும். கதையில் உண்மையான மந்திரம் பாம்பு மனிதனானது இல்லை. அந்த முடிச்சுதான். படை கொண்டு போய் அர்ச்சுனனோடு சண்டை போட முடிந்தவளுக்கு ஒரு மஞ்சள் கயிற்றை அறுக்க முடியவில்லை. கேட்டவர்கள் யாருக்கும் அது ஆச்சரியமாகப் படவும் இல்லை. சித்திரைத் திருக்கல்யாணத்தன்று லட்சக்கணக்கான பெண்கள் புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொள்ளும் ஊரில் எப்படிப் படும்?

நம்ம ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய 1136இல் மான்மவுத் ஜெஃப்ரி என்பவர் பிரிட்டன் அரசர்களின் கதையை லத்தீனில் எழுதினார். அதில் ஊதர் என்ற அரசன், கார்ன்வால் பிரபுவின் மனைவி மேல் ஆசைப்படுகிறான். அவளைக் கடலோரக் கோட்டையில் வைத்திருக்கிறார்கள். மெர்லின் என்ற மந்திரவாதி ஊதரை அவள் கணவனின் உருவமாக மாற்றி உள்ளே அனுப்புகிறான். அந்த ராத்திரியில் கருவானவன்தான் புகழ்பெற்ற ஆர்தர் மன்னன். மெர்லின் இடத்தில் கிருஷ்ணனை வையுங்கள், அப்படியே பொருந்தும். 1200 வாக்கில் ஜெர்மன் மொழியில் எழுந்த நிபெலுங்கர் காவியத்தில் புருன்ஹில்ட் என்று ஒரு அரசி. ஈட்டி எறிவதிலும் கல் எறிவதிலும் தாண்டுவதிலும் தன்னை வென்றவனைத்தான் கட்டுவாள். குந்தர் மன்னனால் முடியாது. நண்பன் சீக்பிரிட் மாயப் போர்வை போட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் நின்று ஜெயிக்க வைக்கிறான். முதல் ராத்திரியில் அவள் குந்தரைக் கட்டிச் சுவர் ஆணியில் தொங்கவிட்டு விடுகிறாள்! மறுநாள் ராத்திரி மறுபடி அந்தப் போர்வை. அவள் பலம் போய்விடுகிறது. ஆனால் அந்தக் கவிஞன் அதைச் சும்மா விடவில்லை. அந்த வஞ்சகம் வெளியே வந்து, சீக்பிரிட் கொலையாகி, கடைசியில் குலமே அழிகிறது.

மூன்றாவது ஒன்று ஸ்காட்லாந்திலிருந்து. டாம் லின் என்ற கதைப் பாட்டு. 1549இலேயே அதன் பேர் ஒரு ஸ்காட்லாந்து நூலில் வருகிறது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தந்த வடிவம் 1796இல் அச்சானது. நம்ம அல்லிப் பாட்டு போலவே யார் பாடியது என்று தெரியாத பாட்டு. ஜேனட் என்ற பிரபு மகள், போகக் கூடாது என்று தடுத்த காட்டுக்குத் தானே போகிறாள். தேவதைகளின் அரசி பிடித்து வைத்திருக்கும் டாம் லின்னைச் சந்திக்கிறாள். கருவுற்றுத் திரும்பியவளிடம் அப்பன் விசாரிக்கிறான். உங்கள் சபையில் உள்ள எந்தப் பிரபுவின் பேரும் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். பிறகு ஒரு நள்ளிரவில் தேவதைகளின் ஊர்வலத்திலிருந்து அவனைக் குதிரையிலிருந்து இழுத்துப் பிடிக்கிறாள். மந்திரத்தால் அவன் அவள் கைக்குள் பாம்பாகிறான், கரடியாகிறான், சிங்கமாகிறான், காய்ச்சிய இரும்பாகிறான். அவள் விடவில்லை. கடைசியில் மனிதனாக அவளுக்குக் கிடைக்கிறான்.

நூலகத்தில் இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாட்டிலும் ஒரு ஆண் பாம்பாகிறான். மதுரைப் பாட்டில் பெண் தெரியாமல் பாம்பைத் தொடுகிறாள், அவள் வாழ்க்கை அவள் கையை விட்டுப் போகிறது. ஸ்காட்லாந்துப் பாட்டில் பெண் தெரிந்தே பாம்பை இறுக்கிப் பிடிக்கிறாள், அவள் கேட்ட வாழ்க்கை அவளுக்கு வருகிறது. அங்குள்ள பெண்கள் எல்லாம் அப்படி வாழ்ந்தார்கள் என்று அர்த்தமில்லை. அங்கேயும் பிரபுக்கள் மகள்களை நிலத்தோடு சேர்த்துப் பேரம் பேசித்தான் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இனி அப்பத்தா.

அந்தத் தாலி கட்டும் இடம் வந்தால் அப்பத்தா ராகத்தை நிறுத்திவிடுவார். வேகமாக, வெறும் பேச்சாக, நாலு பக்கத்தை ஓட்டிவிடுவார். அல்லி படை திரட்டும் இடத்தில்தான் குரல் மறுபடி ஏறும். ஒரு தடவை, எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும், "அந்த எடத்தை ராகம் போட்டுப் படி அப்பத்தா" என்று அடம் பிடித்தேன். அவர் சொன்னார்: "எனக்கும் தூக்கத்துலதான்டா கட்டுனாங்க."

எனக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது. வளர்ந்து வரலாறு படித்தபோதுதான் புரிந்தது. அப்பத்தாவுக்குக் கல்யாணம் 1930 தை மாதம். வயசு பத்து. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வைத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வர இருந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடு முழுக்க அவசர அவசரமாகப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். எங்கள் அப்பத்தாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. விடியற்கால முகூர்த்தம். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தாய்மாமன் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். விழித்தபோது கழுத்தில் கயிறு. மாயமும் வேண்டியிருக்கவில்லை, பாம்பாட்டியும் வேண்டியிருக்கவில்லை. அம்மா அப்பா போதும். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்களில் எத்தனை பேருக்கு இதே கதையோ. அவர்கள் எதற்காக அந்தப் பாட்டை மறுபடி மறுபடி கேட்டார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: தாலி ஏறியதற்காக அல்ல, ஏறிய பிறகு அல்லி வாளெடுத்தாளே, அதற்காக. அந்தக் கோபத்தை அவர்களால் வீட்டில் காட்ட முடியாது. ராகம் போட்டுப் பாடலாம்.

நான் மட்டும் அந்த இடத்தை வெட்டிவிட்டு, "அம்மா அடங்கிட்டாங்க" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இதை இன்றைக்கு எழுதுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். 1989இல் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி. வரலாற்றில் முதல் மதிப்பெண் எடுப்பாள். கல்வெட்டு படிக்கணும் சார் என்பாள். தேர்வு முடிந்த கையோடு வீட்டில் கல்யாணம் பேசிவிட்டார்கள். பிள்ளை சாப்பிடாமல் அழுகிறாள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று அவள் அப்பா என்னைத் தேடி வந்தார். 1978இலேயே பெண்ணுக்கு 18 என்று சட்டம் திருத்தியாயிற்று. அதைப் பாடமாக நடத்தியவன் நான். ஆனாலும் போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: "அல்லி மகாராணிகூட முதல்ல குதிச்சா. அப்புறம் எல்லாம் சரியாப் போச்சும்மா." அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சில வருஷங்களுக்கு முன் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு அம்மா வந்து, "சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். அவர்தான். தையல் கடை வைத்திருக்கிறார். கணவரோடு பல வருஷமாகப் பேச்சு இல்லை. மகளைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். பஸ் வந்ததும் ஏறப் போனவர் திரும்பி, "சார், அல்லி கதையில எல்லாம் சரியாப் போச்சுன்னு சொன்னீங்கல்ல. நான் அந்தப் புத்தகத்தைப் பிறகு வாங்கிப் படிச்சேன் சார். அடுத்த புத்தகத்துல அவன் வேற ஒருத்தியைக் கட்டிக்கிறான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பஸ் போய்விட்டது.

அவர் சொன்னது சரி. அது பவளக்கொடி மாலை. எனக்குத் தெரிந்த கதைதான். பாதியில் நிறுத்தியவன் நான்.

அம்மா, இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட்டால், அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்னது தப்பு. ஆசிரியராகவும் தப்பு, சட்டம் தெரிந்தவனாகவும் தப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு மன்னிப்பு கேட்பது எனக்கு எளிது, உங்களுக்கு அதனால் என்ன லாபம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பேத்திக்குப் பதில் சொன்னேன். 1955 இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவைக் காட்டினேன். பலாத்காரத்தாலோ வஞ்சகத்தாலோ பெற்ற சம்மதம் என்றால் அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போகலாம். பலாத்காரம் நின்றோ வஞ்சகம் தெரிந்தோ ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். "அல்லி இப்ப இருந்தா ஜெயிச்சிருப்பா" என்றேன். அவள் யோசித்துவிட்டு, "வக்கீல் கிட்ட போக அவளை வீட்ல விட்டிருப்பாங்களா தாத்தா?" என்றாள். வரலாற்று ஆசிரியர் பேத்தி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

நம் வீடுகளிலும் இப்போது பெண் பார்க்கும் பேச்சு நடக்கிறது. சொந்தக்காரர்கள் பலர் இதைப் படிப்பீர்கள், அதனால் சொல்கிறேன். பேசி முடிக்கும் கல்யாணத்துக்கு நான் எதிரியில்லை. எனக்கும் உங்கள் டீச்சரம்மாவுக்கும் பேசி முடித்ததுதான். ஜாதகம் பாருங்கள், மண்டபம் பாருங்கள். அதற்கு முன்னால், பிள்ளை முழித்திருக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் எந்தப் பாம்பாட்டியையும் கூட்டிக்கொண்டு வராதீர்கள். முக்கியமாக, பழைய வாத்தியாரை அனுப்பாதீர்கள். இனி அவர் வரமாட்டார்.

அப்பத்தாவின் புத்தகம் செல்லரித்துப் போய்விட்டது. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டை போன பழைய பிரதி ஒன்று கிடைத்தது. பேத்தி வாசிக்கிறாள். ராகம் வரவில்லை, பரவாயில்லை. நேற்று அல்லி படை திரட்டும் இடத்துக்கு வந்திருக்கிறாள். அங்கே மட்டும் அவள் குரல் தானாகவே கொஞ்சம் ஏறியது.

எல்லோரும் நலமாக இருங்கள். உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொன்ன அல்லி கதை வேறு மாதிரி இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையால் வட்டம் போடலாம், இப்போது உங்கள் முறை.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்,
சிம்மக்கல், மதுரை.